பந்தி, மெஸ், பலகாரப் பை: வாசகர் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் சுருதியே மாறிவிடும். மற்ற மாதங்களில் "எடை குறைய என்ன சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள், இப்போது "கல்யாணத்துக்குப் போகிறேன், எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்று கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் இந்த மாதங்களில் விருந்து இல்லாத வாரம் அபூர்வம். நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னால், விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போன அப்பாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தவள். இலையில் வந்து விழுவது அடுப்படியில் என்னவாக இருந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்த முறை விருந்துச் சாப்பாடு, வெளிச் சாப்பாடு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. பல வருடமாகச் சர்க்கரை. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி 7.8. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் அண்ணனுக்கு மணிவிழா. இரண்டு நாள் விருந்து. காலையில் பலகாரம், மதியம் இலை, நாலு மணிக்கு இடைப்பலகாரம், ராத்திரி மறுபடியும் பந்தி. சாப்பிடாவிட்டால் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) முகம் வாடிப்போகும். எனக்குச் சர்க்கரை என்று எல்லோரிடமும் சொல்லவும் பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, தேவகோட்டை

யாரிடமும் சொல்ல வேண்டாம் ஆச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி. 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மேல். மணிவிழாவுக்கு வருபவர்களின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வரிசையிலேயே இன்னும் சிலர் கைப்பையில் மாத்திரையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்கள் மதிய இலையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த இலை மேல் அவ்வளவு கோபம் இல்லை. நம் பக்கத்து இலையை மனதில் விரித்துப் பாருங்கள். ஒரு கூட்டு, ஒரு பொரியல், வெண்டைக்காயோ மொச்சையோ போட்ட மண்டி, ஒரு பச்சடி, பருப்பு, ரசம், மோர். வீட்டில் சாதாரண நாளில் இத்தனை காயும் பருப்பும் ஒரே வேளையில் நம் வயிற்றுக்குள் போகிறதா? கெடுப்பது நடுவில் குவிகிற சோறு, அப்புறம் வருகிற மறுசோறு, எல்லாம் முடிந்து பசியே இல்லாத நேரத்தில் வருகிற இடைப்பலகாரம்.

சோற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். சாம்பாருக்கு ஒரு தடவை, காரக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை சோறு வாங்குவதுதான் நம் பழக்கம். 150 கிராம் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாலு தடவையும் அவ்வளவு வாங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? அதனால் முதல் தடவை போட்ட சோற்றையே கையால் நாலு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு பங்கு. எல்லா ருசியும் பார்த்த மாதிரியும் ஆயிற்று, சோற்றுவாளி வரும்போது இலையில் சோறு இருப்பதால் யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள்.

அடுத்தது வரிசை. இலையில் முதலில் இனிப்பு வைப்பார்கள். ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொண்டு மீதியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். சோறு வருவதற்குள் கூட்டையும் பொரியலையும் பாதி தின்றுவிடுங்கள். இது என் கற்பனை இல்லை. 2015-இல் நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், சர்க்கரை உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில், இன்னொரு நாள் காய்கறியும் கோழியும் முதலில். காயும் கோழியும் முதலில் போன நாளில், அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சுமார் 29 சதவீதமும் ஒரு மணி நேரத்தில் சுமார் 37 சதவீதமும் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லை, அண்ணமிண்டி முகமும் வாடாது, செய்து பார்க்க என்ன?

காலைப் பலகாரத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுக்கத்தான் வேண்டும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, சீயம் என்று வரிசையாக வரும். எது உங்களுக்கு உயிரோ அது ஒன்று. மற்றதற்குக் கை காட்டிவிட்டு இட்லி இரண்டு, கத்தரிக்காய் கோசுமல்லி நிறைய. எனக்குக் கேட்டால் வெள்ளைப் பணியாரம் என்பேன். நன்றாக ஆட்டி, பதம் தப்பாமல் ஊற்றிய பணியாரம் எண்ணெயைக் குடிக்காது. மாவு நீர்த்துப் போனதுதான் குடிக்கும். விரலால் அழுத்தினால் எண்ணெய் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அதற்காக அன்றையக் கணக்கைச் செலவழிக்காதீர்கள்.

நாலு மணிக்கு எழுந்து வேலை பாருங்கள். தாம்பூலப் பை போடுகிற இடத்திலோ, மொய் எழுதுகிற இடத்திலோ உட்காருங்கள். சர்க்கரை போடாத காபி ஒன்று கையில் இருந்தால் யாரும் "சாப்பிடலையா?" என்று கேட்பதில்லை.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். செட்டிநாட்டு வீட்டின் நீளத்துக்கு வேறு மைதானம் தேவையில்லை. சாப்பிட்டவுடன் நடக்கும் நடை சர்க்கரை ஏறுவதை நேரடியாகக் குறைக்கும். ஜமுக்காளத்தில் சாய்ந்தால் அது நடக்காது.

கேள்வி: கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று விருந்தில் இரண்டு கரண்டி கூடுதலாக வாங்கிக்கொள்கிறார் என் கணவர். சரியா?
– வாசகி, பள்ளத்தூர்

அரிசி நல்ல அரிசிதான். தவிடு நீக்காதது, நார் உண்டு, அந்தக் கறுப்பு நிறத்தைக் கொடுக்கும் ஆந்தோசயனினும் நல்ல சரக்கு. ஆனால் விருந்தில் வருவது அரிசி மட்டும் இல்லையே. வெந்த அரிசியில் சீனியைக் கொட்டி, தேங்காய்ப்பூ சேர்த்து, நெய் விட்டுக் கிளறியது. அதை இனிப்பு என்று கணக்கு வையுங்கள். கருப்பட்டிப் பணியாரத்துக்கும் இதே பதில். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சர்க்கரைதான். உங்கள் கணவருக்கு ஒரு கரண்டி. அந்த இரண்டாவது கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சர்க்கரை இல்லையென்றால்.

கேள்வி: வயது 61. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் வழக்கம்போல எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். முகூர்த்தம் தள்ளிப்போய், பந்தியில் இடம் கிடைக்கப் பத்தரை ஆகிவிட்டது. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் லட்டு கொடுத்தார்கள். இனி விசேஷ நாளில் மாத்திரையே போட வேண்டாமா?
– வாசகர், பொன்னமராவதி

மாத்திரையை நிறுத்த வேண்டாம். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டிப் போடாதீர்கள், இலையோடு கட்டுங்கள்.

உங்களுக்கு வந்தது தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. உள்ளே சாப்பாடு போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால்தான் மேலே தேவகோட்டை ஆச்சிக்கு நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் மாத்திரை அட்டையில் உள்ள பெயர்களைப் படித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு என்று இருந்தால் அது இந்தச் சாதி.

விசேஷ நாளில் செய்ய வேண்டியது இது. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்த பிறகு விழுங்குங்கள். பந்தி எப்போது என்று தெரியாத கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் வீட்டிலேயே மாத்திரையும் இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே போய் ஒரு பணியாரமும் காபியும் மரியாதைக்குப் போதும். ராத்திரி வரவேற்பு இன்னும் மோசம், பத்து மணிக்கு முன்னால் சாப்பாடு கிடைப்பதில்லை. ராத்திரி மாத்திரைக்கும் இதே சட்டம்தான்.

இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்ன ஊசியைப் போட்டுவிட்டு மண்டப வாசலில் வரிசையில் நிற்கவே கூடாது. விசேஷ நாளுக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அந்த லட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் லட்டில் நெய் இருக்கிறது. நெய்யோடு போகும் இனிப்பு ரத்தத்தில் ஏற நேரமாகும். நடுக்கமும் வேர்வையும் வந்தால், கருவியில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ஏறக்குறைய 15 கிராம் வரும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பாடு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. பலருடைய மாத்திரையில் வோக்லிபோஸ் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது சீனி உடைவதையே தாமதப்படுத்துகிற மருந்து. அப்படி இருப்பவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் சட்டென்று வேலை செய்யாது. மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு சின்னப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவரிடமும் அதைச் சொல்லிவைத்துவிடுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரியும் அன்று காலையும் பட்டினி கிடந்துவிட்டு மதியம் ஒரு பிடி பிடித்தால் கணக்கு சரியாகிவிடும் அல்லவா?
– வாசகர், காரைக்குடி (வயது 27)

ஆகாது தம்பி. பட்டினியோடு பந்தியில் உட்கார்ந்தவன் முதல் பத்து நிமிடத்தில் எதைத் தின்கிறான் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பளம், வடை, இனிப்பு, சோறு. கூட்டு அப்படியே இருக்கும். காலையில் இரண்டு முட்டையும் ஒரு பழமும் சாப்பிட்டுவிட்டுப் போ.

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். நண்பர்களோடு மூன்று நாள் செட்டிநாடு சுற்ற வருகிறோம். ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி. எனக்கு வயது 38, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று நாளும் மெஸ், ஓட்டல்தான். அசைவம் வேண்டும், ஆனால் ஊருக்குத் திரும்பும்போது முகம் வீங்கியிருக்கக் கூடாது.
– வாசகர், சென்னை

உங்கள் பிரச்சினைக்கு உப்பு என்று பெயர். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மெஸ்ஸில் அதை எட்ட மதியச் சாப்பாடு ஒன்றே போதும். குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்க முடியாது, அண்டாவில் கொதித்து முடிந்தது அது. ஆனால் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, இந்த நாலும் உங்கள் கையில் இருக்கிறது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். இந்த நாலையும் மூன்று நாளும் தொடாதீர்கள். குழம்பை முழுக்க விட்டுப் பிசையாமல், துண்டை எடுத்துத் தொட்டுக்கொள்கிற மாதிரி சாப்பிடுங்கள். உப்பு துண்டில் இருப்பதைவிடக் குழம்பில்தான் அதிகம்.

மூன்று நாளில் தினமும் ஒரு வேளைதான் பெரிய சாப்பாடு. அது மதியமாக இருக்கட்டும். காலையில் இட்லி, இடியாப்பம், ராத்திரி இட்லியோ தோசையோ. நண்பர்கள் ராத்திரி பரோட்டாக் கடைக்கு இழுப்பார்கள், எனக்குத் தெரியும். போங்கள், ஒரு நாள் போங்கள். கல்லில் எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பொரிக்கும் பரோட்டா வேண்டாம். சாதாப் பரோட்டா ஒன்றும், முட்டை ஆம்லெட் ஒன்றும், வெங்காயம் ஒரு தட்டும்.

மதிய அசைவத்தில் நாட்டுக்கோழிக் குழம்போ, மீன் குழம்போ முதல் இடம். எண்ணெய் மேலே மிதந்தால் கரண்டியால் ஓரம் தள்ளிவிட்டு அடியில் இருந்து எடுங்கள். வறுவல், சுக்கா, கோலா உருண்டை எல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு என்று சொல்லாமல் நாலு பேருக்கு ஒரு தட்டு. கோலா உருண்டை இரண்டோடு ருசி தெரிந்துவிடும். மூன்றாவதிலிருந்து அது வெறும் பழக்கம். பொரித்தது எதையும் சொல்வதற்கு முன்னால் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். பல மெஸ்களில் அடுப்பு வாசலிலேயே இருக்கும். எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, பொங்கிப் பொங்கி நுரைத்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதியே இருக்கிறது. கருவி வைத்து அளக்க நீங்கள் அதிகாரி இல்லை. கண்ணும் மூக்கும் போதும்.

சாப்பாட்டோடு குளிர்பானம் வேண்டாம். 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 27 கிராம் சர்க்கரை. உப்பு போட்ட எலுமிச்சை சோடாவும் உங்களுக்கு ஆகாது. உப்பில்லாமல் மோர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளியூர் ஓட்டல்களில் "செட்டிநாடு" என்று பலகை போட்டு, சிவப்பாக எண்ணெய் மிதக்க, நாக்கு எரியக் கொடுக்கிறார்களே, அதை வைத்து இந்த ஊர்ச் சமையலை எடை போடாதீர்கள். இங்கே வீடுகளில் தண்ணிக்குழம்பு என்றும் இளங்குழம்பு என்றும் வைப்பார்கள், பேருக்கு ஏற்ற மாதிரி லேசாகவே இருக்கும். மிளகும் சீரகமும் சோம்பும் மணக்கும், காரம் கண்ணில் நீர் வரவழைக்காது. தங்குகிற வீட்டில் சமைத்துத் தருகிறார்கள் என்றால் ஒரு வேளையாவது அந்தச் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: யூரிக் அமிலம் 8.4. கால் பெருவிரல் வீங்கி ஒரு வாரம் படுத்துவிட்டேன். எங்கள் பக்கம் சாமி கும்பிட்டால் கிடாவெட்டுதான். எதைச் சாப்பிடலாம்?
– வாசகர், திருப்பத்தூர்

ஈரல், குடல், மூளை, ரத்தப் பொரியல், இந்தப் பக்கமே போகாதீர்கள். எலும்பு சூப்பும் வேண்டாம், எலும்பிலும் கறியிலும் இருக்கும் பியூரின், அதாவது உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள், தண்ணீரில் இறங்கித்தான் சூப்பு ஆகிறது. நெத்திலி, மத்தி, நண்டும் இப்போதைக்கு ஒதுங்கட்டும். கறித்துண்டு இரண்டு மூன்று சாப்பிட்டால் குடி முழுகாது, வீக்கம் இல்லாத நாளில். கிடாவெட்டில் பந்திக்குப் பின்னால் தோப்புக்குள் ஓடும் பாட்டில், குறிப்பாக பீர், கறியைவிட உங்களுக்குக் கெடுதல். சீனி அதிகமான பானமும் யூரிக் அமிலத்தை ஏற்றும். பருப்பு, காளான், கீரையை நிறுத்தச் சொல்லி யாராவது பட்டியல் கொடுத்தால் கிழித்துப் போடுங்கள். அவற்றில் இருக்கும் பியூரினால் விரல் வீங்குவதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அளவு 6-க்குக் கீழே இறங்கும் வரை அதை விடாதீர்கள். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த கிடாவெட்டுக்குப் பிறகு மறுபடி எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் வீடு புதுப்பித்துக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறோம். இருநூறு பேர். என் மகள் சிறுதானியத்தில்தான் எல்லாம் இருக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்கிறாள். என் மாமியார் "ஊர் சிரிக்கும்" என்கிறார்கள். நடுவில் நான்.
– வாசகி, மதுரை

மாமியார் கட்சிதான் நான், இந்த ஒரு விஷயத்தில். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு வரகரிசிச் சோறும் ராகி உருண்டையும் போட்டு அனுப்பினால் வழியில் எங்காவது நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பட்டியலை மாற்றாதீர்கள். பரிமாறுவதை மாற்றுங்கள். சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும், பந்தி அன்று சொன்னால் ஒன்றும் நடக்காது.

பேச வேண்டியது முதலில் வரிசை. இலை போட்டு, இனிப்பு வைத்து, கூட்டு, பொரியல், மண்டி, பச்சடி எல்லாம் வைத்த பிறகு ஐந்து நிமிடம் சோற்றுவாளி வரக் கூடாது. அந்த ஐந்து நிமிடத்தில் ஜனங்கள் தானாகக் காயைத் தின்பார்கள், வேறு என்ன செய்ய? சோற்றுக்குச் சின்னக் கரண்டி. வாளியில் பெரிய கரண்டி இருந்தால் பரிமாறுகிறவர் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுசோறு வருவதற்கு முன்னால் மறுகூட்டு வர வேண்டும். என் அப்பா இதைச் சுகாதாரத்துக்காகச் செய்யவில்லை. கூட்டு மிஞ்சினால் மாலைக்குள் கெட்டுவிடும், சோறு மிஞ்சினால் ஊற வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் செய்தார். பலன் ஒன்றுதான்.

பொரித்தது ஒன்று போதும். வடை, அப்பளம், சிப்ஸ், பஜ்ஜி என்று நாலு வைப்பது சமையல்காரர்கள் இலையை நிரப்பக் கண்டுபிடித்த சுலப வழி. வாழைப்பூ வடை ஒன்று மட்டும், புது எண்ணெயில், பந்திக்குப் பந்தி சூடாகப் போடச் சொல்லுங்கள். அதுதான் ஊர் பேசும். பாயசம் சின்ன டம்ளரில். காபிக்குச் சர்க்கரை தனியாக. வரவேற்பில் ரோஸ்மில்க், கலர் பாட்டில்களுக்குப் பதிலாகப் பானகமோ நீர்மோரோ, பக்கத்திலேயே வெறும் தண்ணீரும்.

இதைவிட முக்கியமானது நேரம். பந்தி எத்தனை மணிக்கு என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள், அந்த நேரத்துக்கு இலையையும் போடுங்கள். மாத்திரை, ஊசி போடுகிறவர்களுக்கு முதல் பந்தி என்று தனியாகச் சொல்லி ஒதுக்கினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மேலே பொன்னமராவதிக்காரர் எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா? அவருக்கு நேர்ந்தது உங்கள் வீட்டு வளவில் யாருக்கும் நேரக் கூடாது.

அப்புறம், தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, கூட்டு எல்லாம் சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் சும்மா கிடக்கக் கூடாது. சூடாக வைக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், அதாவது பாத்திரத்தைத் திறந்தால் ஆவி வர வேண்டும். மூன்றாவது பந்திக்குத் தனியாகத் தாளித்து இறக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும்.

மகளுக்கும் ஒன்று விட்டுக்கொடுங்கள். காலைப் பலகாரத்தில் ஒரு ஐட்டம் அவள் இஷ்டம். தினையிலோ சாமையிலோ வெண்பொங்கல் போட்டால் நன்றாகவே இருக்கும், மாமியாரும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: கோயம்புத்தூர்க்காரன். காரைக்குடியில் பெண் எடுத்திருக்கிறேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமியார் வீட்டுக்குப் போனால் "மாப்பிள்ளைக்கு இன்னொன்று வை" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மறுத்தால் மனைவிக்குக் கோபம்.
– வாசகர், கோயம்புத்தூர்

இலை காலியாக இருந்தால்தான் அது விழும். கடைசிப் பணியாரத்தில் பாதியை எப்போதும் தட்டில் வைத்திருங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு நீங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை, தின்று முடித்த மாப்பிள்ளை இல்லை. "வேண்டாம்" என்று சொல்லவே வேண்டாம். "கோசுமல்லி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா அத்தை?" என்று கேளுங்கள். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பண்டம் என்று ஒன்று கிடைத்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் படியேறும் முன்பே அது அடுப்பில் இருக்கும். அதனால் பார்த்துக் கேளுங்கள். கோசுமல்லி, மண்டி, வாழைத்தண்டு, கீரை மசியல், மீன் குழம்பு.

உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் நன்றாகத் தேறும். 80 கிலோ என்றால் ஆறிலிருந்து எட்டு கிலோ. அது மாமியார் வீட்டுக்குப் போகும் நாளில் குறைவதில்லை, மற்ற நாள்களில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் குறைகிறது. மனைவியிடம் ஸ்கேன் சீட்டைக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை தன் அம்மாவிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: விசேஷத்தைவிட அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஆபத்து. தாம்பூலத்தோடு கொடுக்கும் பலகாரப் பையில் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் இருக்கும். சமையலறைக்குள் போகும்போதெல்லாம் ஒரு கை போடுகிறோம். வீணாக்கவும் மனம் வரவில்லை.
– வாசகி, கண்டனூர்

வீணாக்காதீர்கள். தேன்குழல் நன்றாகப் பிழிய ஒரு ஆள் எவ்வளவு நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வந்த அன்றே பையைப் பிரித்து மூன்று பங்கு போடுங்கள். ஒன்று வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும், அன்றைக்கே. ஒன்று குழந்தைகளின் பள்ளிக்கூட டப்பாவுக்கு, நாளைக்கு ஒன்று என்று. மீதியைக் கண்ணாடிப் பாட்டிலில் போடாமல், உள்ளே இருப்பது தெரியாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். எட்டி எடுக்க ஸ்டூல் தேவைப்பட வேண்டும். எடுக்கும்போது தூக்கோடு கூடத்துக்குக் கொண்டு வராமல் ஒரு தட்டில் இரண்டு வைத்துக்கொண்டு வந்து, மாலைக் காபியோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு வாயில் போட்டது எதுவும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கொடுப்பதில் மாவுருண்டையை முதலில் கொடுத்துவிடுங்கள். நெய் விட்டுப் பிடித்தது, வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தேன்குழலும் சீப்புச்சீடையும் காற்றுப் புகாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.